மனையிலிருந்து ரீட் வரை: படி மாறவும் ஒரு விலை உண்டு

ரியல் எஸ்டேட் முதலீடுன்னா நம்ம ஊரில் பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் மனை, அப்புறம் வாடகை வீடு, கொஞ்சம் வசதி வந்ததும் கடை. இப்போது கடைசியில் ரீட்டும் சேர்ந்திருக்கிறது. எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற என்ன செலவாகும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் பழைய வீடு ஒன்றை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. வீட்டின் விலை 60 லட்சம், வாடகை மாசம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். பதிவுச் செலவு 5.4 லட்சம், வருஷ வாடகை 1.8 லட்சம். அதாவது முதல் மூணு வருஷ வாடகை பத்திரப்பதிவுக்கே சரியாப் போச்சு! சொத்து வரி, பெயின்ட், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாசங்கள் எல்லாம் தனி.

மனை வைத்திருப்பவருக்கு இரண்டு வழி. மனையை விற்று வீடு வாங்கலாம். நிபந்தனைகளுக்கு உட்பட்டு மூலதன ஆதாய வரியில் விலக்கு கேட்கலாம். ஆனால் அந்த 9% தப்பாது. இன்னொரு வழி, அதே மனையில் கட்டுவது. கீழே நாம் குடியிருந்து, 20 லட்சத்தில் மாடி போர்ஷன் கட்டி மாசம் 10,000 வாடகைக்கு விட்டால், போட்ட காசுக்கு வருஷம் 6%. முதல் கணக்கில் வந்தது 3%தான். நிலத்துக்கு மறுபடி காசு கொடுக்காததுதான் வித்தியாசம். ஆனா ஒண்ணு, மொத்தத்தையும் கடனில் கட்டினால் வாடகை வட்டிக்கே பத்தாது.

அதனால் மனை பார்க்கும்போதே பட்டா, வில்லங்கச் சான்றிதழோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்கணும். இங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா? கட்டினால் வாடகைக்கு ஆள் வருவாங்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், அந்த மனையிலிருந்து வெளியே வர விற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ரீட்டில் இந்தத் தலைவலி குறைவு. இந்தியாவில் முதல் ரீட் 2019-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. சொத்து மதிப்பில் 80%-க்குக் குறையாமல் கட்டி முடித்து வாடகை ஈட்டும் கட்டடங்களாக இருக்கணும். பகிரக்கூடிய பணத்தில் 90%-ஆவது முதலீட்டாளருக்குத் தரணும். ஒரு யூனிட் சில நூறு ரூபாய்தான், விற்க பத்திர ஆபீஸ் போக வேண்டாம். பதிலுக்கு, விலை தினமும் ஏறி இறங்கும். எந்தக் கட்டடம், எவ்வளவு வாடகை என்பதும் நம் கையில் இல்லை.

என்னைக் கேட்டால், மண்ணில் போட்ட பணத்தை அடிக்கடி இடம் மாற்றக் கூடாது. மாறி மாறி முயற்சி பண்ணணும்னா, அதை ரீட்டில் வைத்துக்கொள்வது மலிவு.