கனமழைக்கு வீட்டை ஆயத்தப்படுத்தல்

கனமழைக்கு வீட்டை ஆயத்தப்படுத்தல் என்பது, பருவமழை தொடங்குமுன் வீட்டின் கூரை, சுவர், வடிகால், மின்னிணைப்பு, நீர்த்தொட்டி முதலியவற்றைச் சோதித்துச் செப்பனிடும் பணிகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் செய்யப்படுகிறது. இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தின் திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களையும், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் அமைந்துள்ள திருவண்ணாமலையையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அருணாசலேசுவரர் கோயில் உள்ள திருவண்ணாமலை நகரம் வேறு.

மழையின் அளவும் காலமும்

இவ்வூர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்மேற்குப் பருவக் காற்றின் மழைமறைவுப் பகுதியில் உள்ளன. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி வறண்டே இருக்கும். அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான மழையே முதன்மையானது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருவண்ணாமலையில் பக்தர்கள் கூடும் நாட்களே மொட்டைமாடியைப் பார்ப்பதற்கும் ஏற்ற நாட்கள் ஆகும். ஐப்பசி பிறந்தபின் கொத்தனார் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பூச்சு காய்வதில்லை.

இந்திய வானிலை ஆய்வுத் துறை, 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்வதைக் கனமழை என்றும், 204.4 மி.மீ. வரை பெய்வதை மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதிகனமழை என்றும் வகைப்படுத்துகிறது. 1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் நீராகும். 2023 திசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. 100 சதுர மீட்டர் மாடியொன்றில் அம்மழை பெய்திருந்தால், அதன்மேல் விழும் நீர் 95,000 லிட்டர். ஏறக்குறைய எட்டுத் தண்ணீர் லாரிகளின் கொள்ளளவு. மழைமறைவுப் பகுதி என்பது இத்தகைய நாளில் எவ்விதப் பாதுகாப்பையும் தருவதில்லை.

கூரை

மொட்டைமாடியில் முதலில் பார்க்க வேண்டியது வடிகுழாயின் வாய். வேப்பிலைச் சருகும் ஒரு நெகிழிப் பையும் சேர்ந்தால் அது முற்றிலும் அடைபட்டுவிடும். கைப்பிடிச்சுவர் சூழ்ந்த மாடி அப்போது ஒரு தொட்டியாகிறது. தேங்கும் நீர் ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு 10 கிலோகிராம் எடை தருகிறது. ஆட்கள் ஏறக்கூடிய மாடிக்கு ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் சுமையையே கணக்கிடச் சொல்கிறது. 15 செ.மீ. நீர் நின்றாலே அவ்வளவு சுமை சேர்ந்துவிடும். கம்பி துருப்பிடித்த பழைய தளத்துக்கு இது தீங்கானது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழைக்கு, 100 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் மாடிக்குத்தான் போதுமானது. ஆகவே பெரிய மாடிக்கு ஒற்றைக் குழாய் வைப்பது சிக்கனமன்று.

சுண்ணாம்புடன் செங்கல் ஜல்லி கலந்து இடித்து, மேலே சதுர ஓடு பதிக்கும் பழைய தளவரிசை முறை நன்கு செய்யப்பட்டால் பல்லாண்டுகள் தாங்கும். ஓடுகளின் இடையிலுள்ள பூச்சுதான் முதலில் விடும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையிலேயே கசிவு மிகுதி. ஒரு வாளி நீரை ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது எளிய சோதனையாகும். ஓட்டு வீடுகளில் உடைந்த ஓடுகளை மாற்றி, முகட்டு ஓடுகளின் பூச்சைச் சரிசெய்ய வேண்டும். தகரக் கூரையின் திருகாணிகளை முறுக்கிவிட வேண்டும்.

சுவர்

2019 திசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று அருகிலிருந்த வீடுகளின்மேல் இடிந்து விழுந்ததில் 17 பேர் இறந்தனர். வீட்டுச் சுவரைப் பார்ப்பவர்கள் மதில்சுவரைப் பார்ப்பதில்லை. அது அடுத்த வீட்டாருடையதாயின் கேட்பதற்கும் தயங்குவர். ஒருபுறம் மண் நிரம்பியுள்ள சுவரில் நீர் வெளியேறத் துளைகள் இல்லாவிடில், ஊறிய மண்ணின் அழுத்தத்துடன் நீரின் அழுத்தமும் சேர்ந்து அதனைத் தள்ளுகிறது. சாய்ந்த, புடைத்த, நெடுக வெடித்த சுவரின் அடியில் மழை நாட்களில் உறங்கலாகாது. மண்சுவருக்கும் இது பொருந்தும். அதன் அடிப்பகுதியே முதலில் கரைவதால், கூரைநீர் சுவரடியில் சொட்டாதவாறு தாழ்வாரத்தை நீட்டுதல் பழைய வழக்கம்.

நீர் வரும் வழி

வீட்டின் மேல் விழும் மழையைவிட, வேறிடத்தில் பெய்து வரும் நீரே பெருந்தீங்கு விளைவிக்கிறது. மலையில் மழை பெய்தால், இராசபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் ஆறு போன்ற காட்டாறுகளில் அடிவாரம் உலர்ந்திருக்கும்போதே வெள்ளம் வரக்கூடும். கண்மாய் நிரம்பினால் அதன் மறுகால் எந்த ஓடை வழியே செல்லும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஓடையை ஒட்டிப் புதிதாகத் தோன்றிய தெருக்களில் குடியேறியோர் இதனை ஊரின் மூத்த விவசாயிகளிடம் கேட்டறியலாம். மனை விற்பவர் சொல்லமாட்டார்.

மலைச்சரிவை ஒட்டிய வீட்டைச் செப்பனிடுவதால் மட்டும் காக்க இயலாது. பெஞ்சல் புயலின் மழையில், 2024 திசம்பர் 1 அன்று திருவண்ணாமலை நகரின் வ. உ. சி. நகரில் மலையிலிருந்து சரிந்த பாறையும் மண்ணும் வீட்டை மூடியதில் ஐந்து சிறார் உட்பட ஏழு பேர் இறந்தனர். இத்தகைய இடங்களில் ஆயத்தம் என்பது, சிவப்பு எச்சரிக்கை வந்ததும் இரவாகுமுன் வெளியேறுவதேயாகும். செல்லும் இடத்தையும் வழியையும் முன்னரே முடிவு செய்தல் நன்று. உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மின்சாரமும் தொட்டிகளும்

30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியை மெயின் சுவிட்சுக்கருகே பொருத்துவது உயிர்காப்பு ஆகும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். நீர் புகுந்த வீட்டில் ஈரக்கையால் சுவிட்சைத் தொடலாகாது.

நிலத்தடித் தொட்டியை மழைக்குமுன் காலியாக விடுவது தவறு. நிலத்தடி நீர் உயரும்போது வெற்றுத் தொட்டி படகைப்போல் மேலெழ முயன்று வெடிக்கக்கூடும். கழிவுநீர்த் தொட்டிக்கும் இது பொருந்தும். எனவே அதனை முன்கூட்டியே, நிலம் உலர்ந்திருக்கும்போதே தூர்வாருதல் வேண்டும். மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழ்நாட்டில் 2003 இல் கட்டாயமாக்கப்பட்டது. அக்காலத்தில் அமைக்கப்பட்ட பல குழிகள் இன்று மண் மூடிக் கிடக்கின்றன. அவற்றின் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவினால் மாடிநீர் தெருவுக்குச் செல்லாது. குழி அடித்தளத்தை ஒட்டியிருந்தால் தள்ளி அமைப்பதே நல்லது.

குழித்தறி உள்ள நெசவாளர் வீடுகளில், நீர் வாசல் வழியாக அன்றித் தறிக்குழியின் தரை வழியாகவே ஊறி வரும். ஊற்று எடுத்தபின் அதனை இறைத்துப் பயனில்லை. பாவையும் நூலையும் உயரத்துக்கு மாற்றுவது மட்டுமே இயலும். அதுவரை நெசவும் கூலியும் நின்றுபோகும்.

வெள்ளம் புகுந்த கிணற்று நீரை, குளோரின் இட்டுத் தூய்மை செய்யும் வரை குடிக்கலாகாது. எலிக்காய்ச்சல் வெறுங்காலின் வெடிப்புகள் வழியாகவும் தொற்றும் என்பதால், சேற்றை அள்ளும்போது காலணி அணிதல் வேண்டும். விறகு, பழைய ஓடு ஆகியவற்றின் குவியல்களில் பாம்பு ஒதுங்கியிருக்கக்கூடும்.