காந்தம் ஒட்டாததே வசதி

மம்சாபுரம் டீக்கடையில் பாத்திரப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் காந்தத்தை இழுத்துவிடுவார். "ஒட்டுச்சுன்னா டூப்ளிகேட் எவர்சில்வர், அண்ணாச்சி." இது பாதிதான் சரி. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது. அதற்குக் காரணம் நிக்கல். ஆனால் அதையே அழுத்தி வளைத்தால் விளிம்பில் லேசாக ஒட்டும். நிக்கல் சேர்க்காத 430 ரகமோ நன்றாகவே ஒட்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

ஒட்டாத இந்த 304 குழாயை, அதே காந்தத்தை வைத்துப் பாலீஷ் போடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

முதலில், எதற்குப் பாலீஷ்? ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வாணலிக்குள் கை போகும், தேய்த்துக் கழுவிவிடலாம். பால் பண்ணையில் பால் ஓடும் நீளக் குழாய்க்குள் யார் கையை விடுவது? பாக்டீரியா ஒன்றின் அளவு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். உள்சுவரில் அதைவிட ஆழமான கீறல் இருந்தால் அங்கே குடியேறிவிடும், கழுவும் தண்ணீர் மேலோடு போய்விடும். அதனால்தான் அமெரிக்கப் பால் தொழிலின் 3-ஏ தரம், பால் படும் பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.8 மைக்ரோமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. மெல்லிய, வளைந்த குழாய்க்குள் பஃபிங் சக்கரமும் போகாது, உப்புத்தாளும் போகாது.

ஆனால் காந்தப்புலம் போகும். குழாய்க்குள் இரும்புத்தூளையும் அலுமினா போன்ற உராய்வுப் பொடியையும் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துப் போடுகிறார்கள். வெளியே வட, தென் துருவங்களை நெருக்கமாக வைக்கிறார்கள். 304 சுவர் புலத்தை மறிக்காது. உள்ளே இருக்கும் இரும்புத்துகள்கள் புலக்கோடுகளின் வழியே வரிசையாகச் சேர்ந்து நிற்கும். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி, ஆனால் கைப்பிடி இல்லாத பிரஷ். அவற்றின் நடுவே சிக்கிய உராய்வுப் பொடி சுவரில் அழுந்தும். குழாயைச் சுழற்றி, துருவங்களை நீளவாக்கில் நகர்த்தினால் கீறல்களின் முகடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மின்காந்தமாக இருந்தால், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்: கருவி உள்ளே, அதை ஆட்டுகிற கை வெளியே.

யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் 1940லேயே இதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். பிறகு சோவியத் நாட்டில் வளர்ந்தது. ஜப்பானில் உத்சுனோமியா பல்கலைக்கழகத்தின் ஷின்முரா குழு குழாயின் உட்புறத்துக்குக் கொண்டுபோனது. நம் நாட்டில் ஐ.ஐ.டி. கான்பூரில் வி.கே. ஜெயின் குழுவினர் இந்தத் துறையில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் இது சரிப்படாது. வெல்டிங் மேட்டையோ நசுங்கலையோ இது சரிசெய்யாது. வளையும் பிரஷ் அல்லவா, மேடு பள்ளத்தோடேயே ஏறி இறங்கும். சுவர் தடித்தால் புலம் பலமிழக்கும். காந்தம் ஒட்டுகிற குழாயாக இருந்தால் சுவரே புலத்தை இழுத்துக்கொள்ளும், உள்ளே பிரஷ் சரியாக நிற்காது. வேலை முடிந்ததும் தூளைச் சுத்தமாகக் கழுவி எடுக்க வேண்டும். இரும்புத்தூள் ஒட்டிக்கிடந்தால் அது துருப்பிடித்து, நல்ல எவர்சில்வரிலும் பழுப்புப் புள்ளி விழும். அதனால் கடைசியில் சிட்ரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ ஓடவிட்டு அலசுவது வழக்கம்.