சங்கிலி வாளின் பற்கள்

வெள்ளம் வடிந்தபின் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கும் மரத்தை அறுக்கும் கமக்காரர், சங்கிலி வாள் விரைவில் மழுங்குவதைக் கண்டு மரம் வைரமானது என எண்ணுவர். பட்டையில் ஒட்டிய மணலே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். அறுக்கும் இடத்தை முதலிற் கழுவுதல் அல்லது பட்டையைச் சீவுதல் வேண்டும்.

கூர்மூலைப் பற்களுடைய சங்கிலி சுத்தமான மரத்தை வேகமாக அறுக்கும். மண் பட்டால் உடனே மழுங்கும். மூலை சற்று உருண்ட பல் மெதுவாக அறுப்பினும் அதன் கூர் நெடுநேரம் நிற்கும். வயற்புறத்துக்கு இதுவே ஏற்றது. தென்னை, பனை ஆகியவற்றுக்கும் இதனையே கொள்க. அவற்றின் நாரைச் சார்ந்துள்ள சிலிக்கா என்னும் மணற்சத்து பல்லைத் தேய்க்கும்.

வாளிலிருந்து சீவல் விழும்வரை பல் கூராயுள்ளது. மாவு போன்ற தூள் விழுந்தால், வாளை அழுத்தி அறுப்பது வீண். இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்து அராவுக. 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீற்றர் உருளை அரம் பொருந்தும். பல்லின் உட்புறமிருந்து வெளிநோக்கி, பொதுவாக 30 பாகைச் சாய்வில், எல்லாப் பற்களையும் ஒரே அளவாக அராவுதல் வேண்டும்.

பல்லின் முன்னுள்ள சிறு முனை, வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்துவதாகும். அது பல்லினும் ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருத்தல் போதும். வேகம் கருதி அதனை மேலும் தேய்ப்போர் உளர். அவ்வாறு செய்யின் வாள் துள்ளி, அறுப்பவர் முகத்தை நோக்கி எழக்கூடும்.