செவிப்பறை அறுவையில் ஒட்டுத்திசு: கையெழுத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மக்கள் வழக்கில் காது ஜவ்வு எனப்படும் செவிப்பறை, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனும் கொண்ட மூன்றடுக்குச் சவ்வு. அதில் ஓட்டை விழுவதற்குத் தமிழகம் முழுவதும் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், சிறுவயதுச் சளியைத் தொடர்ந்து காதில் சீழ் வடிவது. ஓசூர் சிப்காட் பட்டறைகளில் வெல்டிங் பொறி காதுக்குள் விழுவதும், கிருஷ்ணகிரி மாவட்டக் குவாரிகளில் வெடி வைக்கும்போது எழும் காற்றழுத்தம் தாக்குவதும், கன்னத்தில் விழும் அறையும், சாவியாலும் குச்சியாலும் காதைக் குடையும் பழக்கமும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

எல்லா ஓட்டைக்கும் அறுவை தேவையில்லை. அறையாலோ காற்றழுத்தத்தாலோ புதிதாகக் கிழிந்த செவிப்பறை, தண்ணீர் புகாமலும் கிருமி தொற்றாமலும் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். உலோகப் பொறியால் வெந்த ஓட்டை அவ்வளவு எளிதில் மூடுவதில்லை. ஆகவே புதிய கிழிசலுக்கு முதல் வாரத்திலேயே அறுவை பரிந்துரைக்கப்பட்டால், காத்திருந்து பார்க்காததற்கு என்ன காரணம் என்று கேட்பது முறையான கேள்வியே. ஓட்டை உள்ள காதில் எண்ணெய் ஊற்றுவது கூடாது. ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகள் கலந்த சொட்டுகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி ஊற்றுவதும் உட்காதின் கேட்புணர்வு அணுக்களைக் கெடுக்கக்கூடியது.

தானாக மூடாத ஓட்டையை வேறொரு திசுவை ஒட்டி அடைப்பதே டிம்பனோபிளாஸ்டி எனப்படும் செவிப்பறைச் சீரமைப்பு. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் இந்த அறுவைக்கு வடிவம் கொடுத்தபோது தோலையே ஒட்டாகப் பயன்படுத்தினர். தோல் உரிந்து சீழ் பிடித்ததால் அது கைவிடப்பட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியிலிருந்து டெம்பொராலிஸ் ஃபேசியா, அதாவது காதுக்கு மேலே பொட்டுப் பகுதித் தசையைப் போர்த்தியிருக்கும் வெங்காயத் தோல் போன்ற உறை, முதன்மை ஒட்டாயிற்று. அறுவைக்காகக் காதுக்குப் பின்னால் போடும் அதே கீறலின் வழியாக இதை எடுத்துவிடலாம் என்பதும், மிகக் குறைந்த இரத்த ஓட்டத்திலும் இது பிழைத்துக்கொள்ளும் என்பதும், தடிமன் இயல்பான செவிப்பறையை ஒத்திருப்பதும் இதன் பலங்கள். காலப்போக்கில் சுருங்குவதும், நடுக்காதின் காற்றழுத்தம் சரியில்லாதவர்களிடம் உள்நோக்கி இழுக்கப்படுவதும் இதன் பலவீனங்கள்.

அந்தப் பலவீனங்களுக்கு விடையாக வந்தது குருத்தெலும்பு. காது வாசலின் முன்னே துருத்தி நிற்கும் டிரேகஸ் என்ற சிறு முனையிலிருந்தோ, காது மடலின் குழிவுப் பகுதியிலிருந்தோ இது எடுக்கப்படுகிறது. மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையிலான யூஸ்டேகியன் குழாய் சரியாக இயங்காதவர்களுக்கும், செவிப்பறையில் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கும், முதல் அறுவை தோற்று மறுமுறை வருபவர்களுக்கும் இதுவே உறுதியான தேர்வு. தடித்த குருத்தெலும்பு ஒலியதிர்வைத் தடுக்கலாம் என்பதால், அதை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவிப் பொருத்துவது வழக்கம். அது ஒளி ஊடுருவாதது என்பதால், அதன் பின்னே நோய் மீண்டும் வளர்ந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம் என்ற குறை மிஞ்சுகிறது. மிகச் சிறிய ஓட்டைக்கோ, காது மடலின் தொங்கு சதையிலிருந்து எடுத்த கொழுப்புத் துண்டு போதும். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம்.

இந்த மூன்றும் நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கப்படுபவை. எனவே ‘நல்ல ஒட்டு வேண்டுமானால் தனிக் கட்டணம்’ என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேட்க வேண்டும்; ஃபேசியாவுக்கும் குருத்தெலும்புக்கும் கடை விலை கிடையாது. நடுக்காதின் கேள் எலும்புகள் அரிக்கப்பட்டிருந்து, டைட்டானியம் போன்றவற்றால் செய்த செயற்கை எலும்பு பொருத்தப்பட்டால் அதற்கு மட்டும் விலை உண்டு. அப்போது அதன் பெயரும் விலையும் ரசீதில் இருக்க வேண்டும். ஒட்டைத் தாங்குவதற்கு வைக்கப்படும் கரையும் பஞ்சு பொதுவாக விலங்கு ஜெலட்டினால் ஆனது என்பதால், சமயக் காரணத்தாலோ உணவுக் கொள்கையாலோ அதை ஏற்காதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இறந்தவரின் செவிப்பறையை எடுத்துப் பொருத்துவதற்கு இந்தியாவில் 1982-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருந்தது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அதை நீக்கித் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அந்த முறை இன்று அரிதாகிவிட்டது.

ஒட்டு ஒட்டிக்கொள்வது வேறு, காது கேட்பது வேறு. தேர்ந்த கைகளில் பத்தில் எட்டு ஒன்பது ஓட்டைகள் மூடிவிடுகின்றன. கேட்கும் திறன் அதே அளவில் திரும்பும் என்று எவரும் உறுதி தர முடியாது. ஒட்டு தோற்பது, நாக்கில் சுவை மாறுவது, காதிரைச்சல், தலைசுற்றல் ஆகியவையும், அரிதாக நிரந்தரச் செவித்திறன் இழப்பும் முகநரம்புப் பாதிப்பும் இதன் அபாயங்கள். எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சியான கொலஸ்டியேட்டோமா இருந்தால் காதின் பின்னெலும்பையும் திறக்க நேரிடும்.

இங்கேதான் ஒப்புதல் படிவம் முக்கியமாகிறது. சமிரா கோலி வழக்கில், பரிசோதனைக்காக மயக்கத்தில் படுக்கவைக்கப்பட்ட பெண்ணின் கருப்பையும் சூலகங்களும் தாயின் சம்மதத்தோடு அகற்றப்பட்டன. 2008 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும், உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனடியாகச் செய்தாக வேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு என்றும், மாற்று வழிகளையும் அபாயங்களையும் போதிய அளவு விளக்கிய பின் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்றும் கூறியது. ஒட்டின் வகை, எடுக்கும் இடம், தேவைப்பட்டால் பின்னெலும்பைத் திறக்க அனுமதி உண்டா இல்லையா ஆகிய மூன்றும் காலியாக விடப்பட்ட படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே வார்டில் பேசப்படும் ஓசூர் எல்லைப் பகுதியில், ஆங்கிலப் படிவத்தைத் தனக்குத் தெரிந்த மொழியில் விளக்கச் சொல்வது நோயாளியின் உரிமை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே உள்ளது. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு ஈஎஸ்ஐ காப்பீடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தும். காதில் வெல்டிங் பொறி விழுந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதவைப்பது அவசியம், ஏனெனில் பணியிட விபத்து என்று ஏற்கப்பட்டால் விடுப்புக் காலத்தில் ஊதியத்தில் 90 சதவீதமும், சாதாரண நோய் என்றால் 70 சதவீதமுமே கிடைக்கும்.

ஒட்டு தோற்றது என்பதாலேயே அது மருத்துவரின் அலட்சியம் ஆகிவிடாது; 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒப்புதல் இல்லாத அறுவையும், சொல்லப்படாத அபாயமும், தரப்படாத ஆவணமும் வேறு வகை. மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். கட்டணம் பெற்ற மருத்துவமனைமீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இதன் வரம்பில் இல்லை என்று 1995-இல் வி.பி.சாந்தா வழக்கில் முடிவானது. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரில் அறுவை செய்துகொண்ட ஓசூர்க்காரர் கர்நாடகத்துக்கு அலைய வேண்டியதில்லை: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வசிக்கும் இடத்திலேயே வழக்கிட வழிசெய்வதால், கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மட்டும் அவர் பதிவு செய்துள்ள மாநிலத்தின் மருத்துவக் கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

அறுவைக்கு முன் எடுத்த, கேட்கும் திறனைக் காட்டும் ஆடியோகிராமையும், சில மாதம் கழித்து எடுத்ததையும், ஒட்டின் பெயர் எழுதப்பட்ட டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள்.