நின்றபோதா, ஓடியபோதா?

காலை வழிபாட்டுக் கூட்டம். சுள்ளென்று வெயில். சாப்பிடாமல் வந்த மாணவி ஒருத்தி வரிசையிலேயே மயங்கி விழுகிறாள். சற்று நேரத்தில் கண்விழித்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்கிறாள். என்னதான் ஆகியிருக்கும்?

பெரியவர்களின் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் அதற்கே போகிறது. அந்த ரத்த ஓட்டம் 10 விநாடி நின்றாலே நினைவு தப்பிவிடும்.

நாம் எழுந்து நின்றதும் ரத்தத்தில் ஒரு பகுதி கால் பக்கம் இறங்கும். கழுத்து ரத்தக் குழாயில் உள்ள நரம்பு முனைகள் உடனே மூளைக்குத் தகவல் சொல்லும். மூளை ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைவாகத் துடிக்கவைத்துச் சமாளிக்கும். நடந்தால், கெண்டைக்கால் தசையும் ரத்தத்தை மேலே தள்ளும்.

வெகுநேரம் அசையாமல் நின்றாலோ, ஊசியைப் பார்த்துப் பயந்தாலோ சிலருக்கு எல்லாம் தலைகீழாகிவிடும். வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கும். ரத்தக் குழாய்கள் தளரும். பசியும் தாகமும் இதற்குத் துணைபோகும். முதலில் வியர்க்கும், காது அடைக்கும், கண் இருட்டும். உடனே படுத்துவிடுங்கள், மூளைக்கு ரத்தம் எளிதாகப் போய்ச்சேரும். இந்த மயக்கம் பெரும்பாலும் தானாகத் தெளியும். விழும்போது தலையில் அடிபடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடும்போதோ நீந்தும்போதோ மயங்குவது வேறு. அரிதாகச் சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு இருக்கும். சிலருக்கு இதயத் தசை தடித்திருக்கும். அப்போது இதயம் தாறுமாறாகத் துடித்து, ரத்தத்தை வெளியேற்ற முடியாமல் திணறலாம். முன்னறிகுறியே இல்லாமல் விழவும் கூடும். இது உயிருக்கே ஆபத்தாகலாம். எழுந்து நன்றாகப் பேசினாலும் மறுபடி விளையாட விடாதீர்கள். அன்றே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

யாராவது மயங்கினால் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஆசிரியரைக் கூப்பிடுங்கள். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

மயங்கியவருக்கு நடந்தது நினைவிருக்காது. பக்கத்தில் இருந்த நீங்கள்தான் சாட்சி. நின்றபோது விழுந்தாரா, ஓடியபோது விழுந்தாரா? முன்பே தலைசுற்றுகிறது என்றாரா? பார்த்ததைப் பார்த்தபடி பெரியவர்களிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை வேண்டும் என்று டாக்டர் முடிவுசெய்ய அது உதவும்.