கார் புகைக்கும் கடல் நத்தைக்கும் என்ன சம்பந்தம்? வகுப்பறைக்கு வந்த விஆர் பாடம்

விஆர் ஹெட்செட்டை மாட்டியதும் மாணவர் நிற்பது ஒரு சாலையில். எதிரே ஒரு கார். அதன் புகைக்குழாயிலிருந்து வரும் கரியமில வாயு மூலக்கூறு கடலுக்குப் போய் நீரில் கரைகிறது. அடுத்த காட்சியில் மாணவரே கடலடியில்! அங்கே நத்தைகளை எண்ணச் சொல்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி எண்ணினால், நத்தைகள் வெகு குறைவு. பாசிதான் மண்டிக் கிடக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரமி பெய்லன்சனின் ஆய்வகம் உருவாக்கி, 2016-ல் இலவசமாக வெளியிட்ட பாடம் இது.

ஏன் கடல்?

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பு நீரின் பிஎச் அளவு, இப்போது 8.1-க்கு அருகில் வந்துவிட்டது. "0.1 தானே, இதுல என்ன இருக்கு?" என்று தோன்றலாம். ஆனால், பிஎச் அளவுகோலில் ஒரு புள்ளி குறைந்தாலே அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் 0.1 என்பது சுமார் 30 சதவீத உயர்வு. ஓடு கட்டும் நத்தை, சிப்பி, பவளம் எல்லாவற்றுக்கும் இது சிக்கல்தான். கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல நடக்கும் இந்த மாற்றத்தைக் கரும்பலகையில் காட்டுவது கஷ்டம்.

அந்தக் கடலடி கற்பனையா?

இல்லை. இத்தாலியின் இஸ்கியா தீவை ஒட்டிய கடலடிதான் மாதிரி. அங்கே எரிமலைப் பிளவுகளிலிருந்து கரியமில வாயு குமிழ் குமிழாக வெளியேறுவதால், கடலின் எதிர்காலத்தை விஞ்ஞானிகளால் இப்போதே பார்க்க முடிகிறது.

பலன் உண்டா?

2018-ல் வெளியான ஸ்டான்போர்டு குழுவின் ஆய்வில், பள்ளி மாணவர்கள் முதல் பெரியவர்கள் வரை பாடத்துக்குப் பிறகு கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனா, ஒரு விஷயம். இதையே வீடியோவிலோ புத்தகத்திலோ படித்திருந்தால் எவ்வளவு எடுத்திருப்பார்கள் என்று அதில் ஒப்பிடப்படவில்லை.

அதே ஆண்டு கலிபோர்னியாவில் (சான்டா பார்பரா) பரோங், மேயர் இருவரும் ரத்த அணுக்கள் பற்றிய பாடத்தில் அந்த ஒப்பீட்டைச் செய்தனர். ஆர்வம் விஆர் குழுவுக்கு அதிகம். மதிப்பெண்ணோ சாதாரண ஸ்லைடு பார்த்தவர்களுக்கு அதிகம். காட்சியின் பிரமிப்பில் பாடம் நழுவிவிடுகிறது போல.

அடுத்த சோதனையில் விஆர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பார்த்ததைச் சுருக்கமாக எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்கள், எழுதாமல் விஆர் மட்டும் பார்த்தவர்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆர்வமும் குறையவில்லை.