முகநூலும் படலையும்

ஒருவர் வீட்டுக்குப் போனால் படலைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பதும், உள்ளேயிருந்து மறுகுரல் வந்த பின்பே கொளுக்கியைக் கழற்றுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். சாவகச்சேரியில் இன்றும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. இத்தகைய ஊரிலே அறுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்துவிட்ட ஒருவன் முகநூலுக்குள் முதன்முறையாகப் புகுந்தால் அவனுக்கு என்ன தோன்றும்? அதனை அண்மையில் அநுபவித்தறிந்தேன்.

வாசலிலேயே ஒரு சிக்கல். முதற்பெயர் யாது, குடும்பப்பெயர் யாது என்று அது கேட்டது. எங்களுக்கேது குடும்பப்பெயர்? தகப்பனார் பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே எழுதுவதன்றோ நம் மரபு! நெடுநேரம் யோசித்து, தகப்பனாரை எனக்குப் பின்னால் நிறுத்தினேன். மரியாதைக் குறைவுதான், வேறு வழியில்லை. கடல் கடந்து குடியேறிய நம்மவர்க்கும் இதுவே நேர்ந்தது. அங்கே ஒருவருடைய தகப்பனார் பெயர் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயராய்த் தொடர்கின்றது. ஆகவே, பழைய பள்ளித்தோழர் ஒருவரைப் பெயர் சொல்லித் தேடினால் எண்ணிறந்தோர் வருகின்றனர்; நமக்குரியவர் யாரென்று துணிதல் அரிது. பெண்களைத் தேடுவதோ அதனினும் அரிது. கணவன் பெயருக்குள் மறைந்துவிட்டார்கள். ஊர்ப்பெயரால் தேடுவதே உத்தமம் என்று கண்டேன். மட்டுவில், நுணாவில், மீசாலை, கொடிகாமம் என்று எழுதிப் பார்த்தால், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வாழ்வோர் அவ்வூர்களின் பேரிலே கூடியிருப்பதைக் காணலாம்.

ஹாவார்ட் பல்கலைக்கழக மாணவர் மார்க் சக்கர்பேர்க்கும் தோழர்களும் 2004ஆம் ஆண்டில் தம்மோடு படித்தவர்களுக்காகத் தொடங்கிய தளம் இது. 2006 செப்டெம்பரில் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. அதற்கு முந்தின மாதத்திலேதான் முகமாலையில் போர் மூண்டு, ஏ-9 வீதி அடைபட்டது. உலகத்துக்கு ஒரு வாசல் திறந்த வேளையில் எங்கள் வாசல் பூட்டப்பட்டுக் கிடந்தது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். மரணச் செய்தியை ஆள்விட்டுச் சொல்வது எங்கள் முறை. வந்தவர் முற்றத்தில் நின்று, கேட்பவர் முகத்தைப் பார்த்து, முதலில் 'வருத்தம் கடுமை' என்று தொடங்கி, மெல்ல மெல்லவே உண்மையை உரைப்பார். முகநூல் என்று பெயர் பூண்டதாயினும் அஃது எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. தாய் இறந்த செய்தி பிள்ளையைச் சேருமுன்னரே பிறர் அனுதாபம் எழுதி முடித்துவிடுகின்றனர். 2016ஆம் ஆண்டுவரை வருத்தத்தைக் காட்டும் குறிகூட இல்லையாம். மரண அறிவித்தலின் கீழும் 'விருப்பம்' என்று கட்டைவிரலையே நிமிர்த்தினார்களாம். இப்போது கண்ணீர் சிந்தும் முகமொன்று உண்டு. ஆயினும் பழக்கதோஷத்தால் கட்டைவிரலை நிமிர்த்துவோரை இன்றும் காண்கிறேன்.

நிற்க. இத்தனைக்குப் பின்னும் நான் அதனை விட்டு வெளியேறாமைக்குக் காரணம் ஒரு படம்.

2000ஆம் ஆண்டுப் போரில் எங்கள் பட்டணம் பாழ்பட்டதை வாசகர் அறிவர். இடம்பெயர்ந்து மீண்டபோது எங்கள் வீட்டில் கூரையில்லை, கதவில்லை, நிலையுமில்லை. கூரையைப் பின்னர் போட்டுக்கொண்டோம். படங்களை எங்கே தேடுவது? கல்யாணப் படங்களும் பிள்ளைகளின் படங்களும் மண்ணோடு மண்ணாய்ப் போயின. காலஞ்சென்ற என் தமையனாரின் இளமைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவற்றின் பிரதிகள் சில முன்னரே கப்பலும் விமானமும் ஏறிப்போய்ப் பெட்டிகளிற் கிடந்தன போலும். தமையனாரின் வகுப்பில் 1969ஆம் ஆண்டு பிடித்த படத்தை, நான் கண்டும் கேட்டுமிராத ஒருவர் லண்டனிலிருந்து இட்டிருந்தார். முன்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்க மாட்டாமல் அவர் அமர்ந்திருக்கிறார். அந்த முகத்தை அவருடைய பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டார்கள். மூத்தவள் கைத்தொலைபேசியைத் திருப்பித் தரவில்லை.

படத்தின் கீழே நான்கு கண்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பெயர் சொல்கின்றனர். முழுப்பெயர் மறந்தவர்கள் பட்டப்பெயரைச் சொல்ல, அதற்குரியவரே வந்து சண்டை பிடிக்கிறார். இருபத்தொன்பது பேரை இனங்கண்டாயிற்று. பின்வரிசையில், தூணோடு ஒட்டி நிற்கும் மெலிந்த பையனை மட்டும் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.